பாலையூற்றில் மட்டும் நிற்கும் ஜீப்

கணவன் மேல் சந்தேகம் என்று எங்கள் கந்தோருக்கு வருகிறவர்கள் கணவனின் படத்தைத்தான் மேசையில் வைப்பார்கள். புஷ்பவதி வைத்தது ஒரு ஜீப்பின் படம்.

வெள்ளை நிறக் கஸாரோ. புதிதாக வந்து இறங்கிய மாடல். முன்பக்கத்தில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. என் பெயர் துவாரகன். சொந்தமாக இருப்பது ஒரு ஓட்டோ, அதற்குக் கதவுகூடக் கிடையாது. ஜீப் வைத்திருக்கிறவர் யாராவது வழியில் நின்று தவித்தார் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். இதை மறைத்து என்ன பயன்?

"இது ஓடுற ஜீப்போ, நிக்கிற ஜீப்போ?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கத்தான் தம்பி வந்தனான்" என்றார் புஷ்பவதி.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜுமானா மிஸ் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டொக்யார்ட் வீதியில், போன் திருத்தும் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்தத் துப்பறியும் கந்தோருக்கு அவர் முதலாளி. முன்பு வாகனக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விபத்துப் பார்க்கப் போனவர். பொய் விபத்தை மணத்திலேயே பிடித்துவிடுவார் என்று பெயர். நான் அவருடைய உதவியாளன், சாரதி, சில மாதங்களில் கடன்காரனும்கூட.

"அவர் குலசிங்கம். உள்துறைமுக வீதியில படகுச் சாமான் கடை" என்று புஷ்பவதி தொடங்கினார். "கயிறு, பெயின்ட், நங்கூரம் எல்லாம் குடுக்கச் சீனக்குடாவுக்குப் போய்வருவார். போற வழியில ஜீப் நிண்டு போகுதாம். எங்க? பாலையூற்றில. எப்பவும் பாலையூற்றில. ஆரிட வாசலில? சுலோஜனாட வாசலில."

"சுலோஜனா ஆர்?"

"எனக்கு முன்னம் அவருக்குப் பேசின பொம்பிளை. சாதகம் பொருந்தேல்லை எண்டு விட்டவை. வவுனியாவில இருந்தவ, இப்ப இஞ்ச வீடு கட்டிக்கொண்டு வந்திட்டா. கலியாணமும் முடிக்கேல்லை. தையல் வகுப்பு வைக்கிறா."

"ஜீப்புக்கும் அவவுக்கும் சாதகம் பொருந்தீட்டுது போல" என்றேன்.

ஜுமானா மிஸ் என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கீழே ஒரு மான் என் ஓட்டோவின் பின் சீற்றில் இருந்த பாண் பையை இழுத்துக்கொண்டிருந்தது. திருகோணமலைத் தெருவெல்லாம் திரியும் கோட்டை மான்களுக்கு வெட்கம் கிடையாது.

"கராஜில காட்டினவரோ?"

"காட்டினவர். கம்பியூட்டர் போட்டுப் பாத்திட்டு ஒரு பிழையும் இல்லை எண்டிட்டினம். அது கம்பியூட்டருக்கு விளங்காத பழுதாம். அவர் சொல்லுறார். நேற்றும் நிண்டது. வேப்ப மரத்துக்குக் கீழ, மதில் கரையோட."

"வேப்ப மரம் எண்டும் அவர்தான் சொன்னவரோ?"

புஷ்பவதி கைப்பையின் வாரை முறுக்கினார். "ஓம். சொன்னவர்."

பிறகு ஒரேயடியாகக் கொட்டினார். "எனக்கு நித்திரை இல்லை மிஸ். சாப்பாட்டில கை வைச்சா அவ அவருக்கு என்ன குடுத்திருப்பா எண்டு யோசினை போகுது. உடுப்பை மடிச்சா மணந்து பாக்கிறன். எனக்கே என்னைப் பிடிக்கேல்லை. பேக் கட்டி வைச்சிட்டன். உண்மையா ஜீப்பில பழுது எண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன். பழுது இல்லை எண்டால், வாற வெள்ளிக்கிழமை திரியாய்க்கு, அக்கா வீட்டை போயிடுவன். பிறகு திரும்பி வர மாட்டன்."

அவர் படியிறங்கிப் போனதும் நான் கேட்டேன். "எங்கயிருந்து துவங்குவம் மிஸ்? மனுசனையோ, மனுசியையோ?"

"ஜீப்பை" என்றார்.

*

கஸாரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை எழுந்தவுடன் ஜீப்பைக் கழுவிப் படம் போடுவார்கள். மற்றவர் படத்துக்கு ஒருவர் கைதட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

"இவை எல்லாரும் தங்கட ஜீப் தங்கம் எண்டுதான் சொல்லுவினம். கேட்டு என்ன செய்ய?" என்றேன்.

"தன்ர ஜீப்பில பழுது எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. விக்கப் போனா விலை விழுந்திடும்" என்றார் ஜுமானா மிஸ். "மற்றவர்ட ஜீப்பைப் பற்றிக் கேப்பம்."

கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கும் அபூதாஹிரிடம் முதலில் போனோம். மூதூரில் இருக்கும் அலியாரிடமும் இதே ஜீப்தான், இதே வெள்ளை. இருவரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒருவரை ஒருவர் பார்த்து எரிகிறவர்கள்.

"அலியார்ட ஜீப்பா மகள்?" அபூதாஹிரின் முகம் மலர்ந்தது. "கதவு அடிச்சா தகரச் சத்தம். சீற்றுக்கு அவர் போட்ட உறையப் பாத்தா வாந்தி வரும். கண்ணாடி முழுக்க சேறு."

"நடுவழியில நிண்டிருக்கா?"

அபூதாஹிர் வாயைத் திறந்தார். ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசை என்பது அவர் தொண்டையில் தெரிந்தது. கடைசியில் நாணயம்தான் வென்றது. "நிண்டிருந்தா நான் ஊருக்கே வட்டிலப்பம் குடுத்திருப்பேன். பாவிட ஜீப் ஒருநாளும் நிக்கல்ல."

அலியாரிடம் போனில் பேசினோம். அபூதாஹிர் ஜீப்பில் ஆடு ஏற்றுகிறார், நெல் மூட்டை ஏற்றுகிறார், எண்ணெய் மாற்றுவதே இல்லை என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். "ஆனா நிக்குதில்லையே! அதுதான் எனக்கு விளங்குதில்ல" என்று ஏக்கத்தோடு முடித்தார்.

ஜுமானா மிஸ் போனை வைத்தார். "பொறாமைக்காரர் நல்ல சாட்சி சொன்னா அதுக்கு மேல சத்தியம் தேவையில்ல. ஜீப் நல்ல ஜீப்."

"அப்ப மனுசன் கள்ளன். திரியாய் பஸ்ஸுக்கு நேரம் பாக்கட்டோ?"

"அவசரப்படாதீங்க துவாரகன். மனுசனையும் பாப்பம்."

*

குலசிங்கத்தின் கடையில் தார்க் கயிற்று மணம் மூக்கை அடைத்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கதைப்பவர். கஸாரோ வாங்க யோசிப்பதாகவும் உரிமையாளர்களிடம் அனுபவம் கேட்டு வருவதாகவும் ஜுமானா மிஸ் சொன்னார்.

"வாங்காதீங்க தங்கச்சி!" குலசிங்கம் எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். "ஏசி குளிரும். பின்னுக்கு எடுக்கக் கமரா இருக்கு. சீற்றே சூடாகும், திருகோணமலையில அது என்னத்துக்கு எண்டு தெரியேல்லை. எல்லாம் நல்லம். ஆனால் பாலையூற்றில ஒரு வேகத்தடை இருக்கு. அதில ஏறி இறங்கினா என்ஜின் செத்துப்போகும். மற்ற இடத்தில எத்தனை தடையிலயும் ஏறும். அதில மட்டும் ஏலாது."

"ஏன் அந்த ரோட்டால போறீங்க?"

"பெரிய ரோட்டில துறைமுகத்து லொறி வரிசை. இது குறுக்கு. கோணேசர் மேல சத்தியமாச் சொல்லுறன், வேற ஒரு நோக்கமும் இல்லை." நோக்கத்தைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது எண்டு சொல்லுறது சரி. தேசிக்காய் கட்டியும் சரிவரேல்லை."

"பிறகு எப்பிடி ஸ்டார்ட் ஆகும்?"

குலசிங்கம் அங்குமிங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சொன்னாச் சிரிப்பீங்கள். ஜீப் நிண்ட உடன மனிசி போன் எடுப்பா. நான் அவவுக்குச் சொல்ல முன்னமே! என்ன மாயமோ தெரியாது. எடுத்தா ஏச்சு. ஏசி முடிச்சுப் போனை வைப்பா. நான் சாவியை அமத்துவன். உடன ஸ்டார்ட் ஆகும்."

"ஜீப்புக்கும் அவவில பயம்" என்றேன்.

"அதைத்தான் தம்பி நானும் யோசிச்சனான்!" என்றார் குலசிங்கம், நான் பகிடி விடுகிறேன் என்று தெரியாமல்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜுமானா மிஸ் சிரிக்கவில்லை. எழுந்து நன்றி சொல்லிவிட்டு விறுவிறென்று ஓட்டோவுக்கு நடந்தார்.

"இந்த மனுசன் பொய் சொல்லல்ல" என்றார் ஏறி அமர்ந்ததும். "பொய் சொல்லுறவரெண்டா ஒருநாளாவது ஜீப்பை வேற இடத்தில நிப்பாட்டியிருப்பார். எப்பவும் அந்தப் பொம்பிளைட வாசல்லதான் நிக்குது எண்டு மனுசிட்டயே போய்ச் சொல்லுற கள்ளனைக் கண்டிருக்கீங்களா?"

"ஜீப்பும் நல்ல ஜீப், மனுசனும் நல்ல மனுசன் எண்டால், நிக்கிறது என்ன மிஸ்?"

"பாலையூற்றுக்கு விடுங்க."

*

வேகத்தடை இருந்தது. வேப்ப மரம் இருந்தது. மதிலும் இருந்தது. என் ஓட்டோ மட்டும் அந்தத் தடையில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஏறி இறங்கியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சுலோஜனா தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தார். கழுத்தில் அளவுநாடா. அதட்டாத, ஆறுதலான குரல். சட்டை தைக்கக் கேட்டு வந்ததாக ஜுமானா மிஸ் கதையைத் தொடங்கி, வாசலில் அடிக்கடி நிற்கும் வெள்ளை ஜீப்பில் கொண்டுபோய் விட்டார்.

"அது குலசிங்கத்தார்ர. முந்தித் தெரிஞ்ச ஆள்" என்றார் சுலோஜனா. "முதல் முறை நிண்டபோது மனுசன் வெயிலுக்குள்ள காய்ஞ்சார். ஒரு கதிரையைக் கொண்டுபோய் கேற்றடியில போட்டனான். அடுத்த முறை மழை. விறாந்தைக்கு வரச் சொன்னனான். பிறகு..." அளவுநாடாவை விரலில் சுற்றினார். "பிறகு அந்தக் கதிரை விறாந்தையிலயே கிடக்குது."

பார்த்தேன். விறாந்தையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் மட்டும் பூப்போட்ட புதுக் குஷன்.

"ஜீப் நிண்டா அவருக்குப் போன் வருமாமே?" என்றார் ஜுமானா மிஸ்.

"முந்தி வரும். எடுத்துக் கதைச்சிட்டு உடன போயிடுவார். இப்ப போனை ஜீப்புக்குள்ளயே விட்டிட்டுத்தான் இறங்குறவர்."

திரும்பி வரும்போது அந்தக் குஷன் என் மனதுக்குள் கிடந்தது.

*

புஷ்பவதியின் வீட்டு மண்டபத்தில், கட்டி வைத்த பேக் கதவோரம் நின்றது.

"உங்கட போனைத் தாங்க" என்றார் ஜுமானா மிஸ்.

"என்னத்துக்கு?"

"வேப்ப மரம் எண்டு உங்களுக்கு அவர் சொல்லல்ல. ஜீப் நிண்ட உடன, அவர் சொல்ல முன்னம் நீங்க போன் எடுக்கிறீங்க. ஜீப் எங்க நிக்குது எண்டு உங்களுக்குக் காட்டுற சாமான் ஒண்டு ஜீப்புக்குள்ள இருக்கு. ஆர் பூட்டினது?"

புஷ்பவதியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. போனை நீட்டினார். திரையில் மரமும் மதிலும்கூடத் தெரியும் திருகோணமலைச் செய்மதிப் படம். பாலையூற்றைச் சுற்றி மட்டும் ஒரு சிவப்பு வட்டம்.

"அவ இஞ்ச வந்திட்டா எண்டு கேள்விப்பட்ட உடன, அவர் தலைமயிர் வெட்டப் போன நேரம் பூட்டுவிச்சனான். கார் ரேடியோ பூட்டுற இன்பாஸ் செய்து தந்தவர்" என்றார் முணுமுணுப்பாக. "வெக்கமா இருந்தது. அதான் உங்களுக்குச் சொல்லேல்லை. வட்டத்துக்குள்ள ஜீப் போனால் மணி அடிக்கும், சிவப்பாக மின்னும். அவ்வளவுதான்."

"ஏசி முடிச்சிட்டு என்ன செய்வீங்க?"

"அந்தச் சிவப்பை அமத்தி விடுவன். பாக்கப் பாக்க எரியும்."

ஜுமானா மிஸ் இன்பாஸுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இன்பாஸ் மிக உற்சாகமாகப் பேசினான். "ஓம் ராத்தா, லீசிங் வாகனங்களுக்குப் பூட்டுற மாதிரியே பூட்டிக் குடுத்தேன். காசு கட்டாத ஆள் எல்லையத் தாண்டினா ஜீப் நிக்கணுமே! வட்டத்துக்க போய் வேகம் குறைஞ்சா என்ஜின் கட். ஓனர் சிவப்ப அமத்தினா திரும்ப விடும். எல்லாருக்கும் அப்படித்தான் பூட்டுற. அந்த அக்காக்கு மேலதிகமா ஒண்டும் எடுக்கல்ல."

மிஸ் புஷ்பவதியின் பக்கம் திரும்பினார்.

"வேகத்தடையில வேகம் குறையும்" என்றார் ஜுமானா மிஸ். "என்ஜின் செத்துப்போகும். தடைக்கு நேர முன்னால சுலோஜனாட வாசல். உங்கட புருசனை அங்க நிப்பாட்டினது ஜீப்புமில்ல, சுலோஜனாவுமில்ல. நீங்கதான்."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதை என்று சொல்ல வாய் துடித்தது. புஷ்பவதியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவர் சிரித்தார், அழுதார், மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவர் பொய் சொல்லேல்லை! என்ர கடவுளே. நான் பேக்கை அவிழ்க்கப் போறன். இண்டைக்கு அவருக்கு நண்டுக் கறி வைக்கப் போறன்."

அந்தச் சாமானின் தொடர்பை உடனே எடுத்துவிடும்படி ஜுமானா மிஸ் போனில் சொல்ல, இன்பாஸ் கடையிலிருந்தே அதை அணைத்தான். சிவப்பு வட்டம் திரையிலிருந்து மறைந்தது. இனி எந்த வேகத்தடையிலும் கஸாரோ நிற்காது. கணக்குத் தீர்ந்தது, போகலாம் என்று நான் எழுந்தேன். மிஸ் எழவில்லை.

"நீங்க கேட்டது ஜீப்பைப் பற்றி. அதுக்குப் பதில் சொல்லியாச்சு" என்றார் அவர் மெதுவாக. "பேக்கை அவிழ்க்கிறதெண்டா இண்டைக்கே அவிழுங்க. கதையை இதோட விடலாம். விட்டா அதுவும் நல்லம்."

புஷ்பவதி பேக்கின் சிப்பில் கையை வைத்தார். வைத்த கை அசையவில்லை. எரிந்து பழகிய மனம் அவ்வளவு சுலபத்தில் ஆறாது, அது எனக்கும் தெரியும்.

"ஏன் அப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்றார். மிஸ் பேக்கையே பார்த்தார். "நாளைக்கு அவர் சீனக்குடாவுக்குப் போறவர். தம்பி, உங்கட ஓட்டோவில எனக்கும் இடம் இருக்குமோ?"

*

அடுத்த நாள் முற்பகலில், சுலோஜனாவின் வீட்டுக்கு எதிரே ஒரு மூடிய கடையின் நிழலில் ஓட்டோவை விட்டேன். நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். புஷ்பவதி நல்ல சேலை உடுத்தியிருந்தார். நண்டுக் கறி அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது என்று இரண்டு முறை சொன்னார்.

வெள்ளை ஜீப் வந்தது.

தடையில் ஏறியது. இறங்கியது. ஒரு தடங்கலும் இல்லை. என்ஜின் சத்தம் மாறவே இல்லை. வேப்ப மரத்தைக் கடந்து, சுலோஜனாவின் கேற்றைக் கடந்து, நேரே போனது. புஷ்பவதி பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். "பாத்தீங்களோ மிஸ்? பாத்தீங்களோ? என்ர மனுசன்."

நானும் சந்தோஷப்பட்டேன். சத்தியமாக, ஒரு ஜீப்காரருக்காகச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

சந்திக்குப் போக முன் ஜீப்பின் வேகம் குறைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, ஏதோ மறந்ததை யோசிக்கிற மாதிரி. பிறகு வெள்ளை விளக்கு எரிந்தது. ஜீப் பின்னால் வரத் தொடங்கியது.

பின்பக்கக் கமரா இருக்கிற ஜீப், சாரதி திரையைப் பார்த்துத்தான் எடுப்பார், ரோட்டின் மறுபக்கத்தைப் பார்க்க மாட்டார். புஷ்பவதி இறங்கினார். நான் "அக்கா" என்றேன். ஜுமானா மிஸ் என் தோளில் கை வைத்தார்.

புஷ்பவதி ரோட்டைக் கடந்து கேற்றைத் திறந்து உள்ளே போனார். விறாந்தைக்குத் தேத்தண்ணித் தட்டோடு வந்த சுலோஜனா அப்படியே நின்றார். தட்டில் இரண்டு கோப்பைகள். புஷ்பவதி அவரைப் பார்க்கவில்லை. பூப்போட்ட குஷன் வைத்த கதிரையில் போய் இருந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜீப் வேப்ப மரத்தடியில் நின்றது. குலசிங்கம் போனை சீற்றில் எறிந்துவிட்டு இறங்கினார். தலையை வாரிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேற்றுக்குள் நுழைந்தார். துடைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தார்.

கதிரையில் மனைவி.

குலசிங்கம், இத்தனை நாளும் உண்மையாகச் சொல்லி யாரும் நம்பாத அதே வசனத்தைச் சொன்னார்.

"ஜீப் திரும்பவும் நிண்டு போச்சு, புஷ்பம்."

அவருக்குப் பின்னால், வேப்ப மரத்தின் கீழ், ஏசித் தண்ணீர் சொட்டச் சொட்ட, கஸாரோ ஓடிக்கொண்டிருந்தது.